வேலை போனால் நகராட்சி கதவைத் தட்டு! செல்போன் ஊர் சொல்லும் பாடம்

சென்னை, பழைய மகாபலிபுரம் ரோடு. மாலை நேரம். பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நெரிகிறது.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தோளில் பையுடன் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்புகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவரின் கழுத்தில் மட்டும் அட்டை இருக்காது. காலையில் உள்ளே போகும்போது இருந்தது. மாலையில் வெளியே வரும்போது வாங்கிக்கொண்டார்கள்!

'சீட்டு கிழிஞ்சிடுச்சு' என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மில்லில் கிழிந்தது. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் கிழிகிறது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தனது ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அடி அதிகம் என்றும் சொன்னது. அன்று இந்த ரோட்டில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக் கடன் தவணை 5-ந்தேதி வரும். பள்ளிக்கூட பீஸ் ஜூனில் வரும். சம்பளம் மட்டும் வராது. 45 வயசுக்காரர் எங்கே போவார்? யார் கதவைத் தட்டுவார்?

நகராட்சி கதவைத் தட்டலாம் என்கிறது ஒரு நாடு!

குப்பை அள்ளவும், தெருவிளக்கு போடவும்தானே நகராட்சி? வேலை போனவனுக்கு அங்கே என்ன வேலை? இதுதானே உங்கள் கேள்வி? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம். கதை நடப்பது பின்லாந்தில். ஆனால் கதையின் வால் நம் ஸ்ரீபெரும்புதூரில் வந்து முடிகிறது. கேளுங்கள்.

டி.வி. செய்த ஊர்

பின்லாந்து ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. பனி நாடு. ஜனத்தொகை 56 லட்சம் அளவுதான். நம் சென்னையை விடக் குறைவு!

தலைநகர் ஹெல்சிங்கியில் இருந்து மேற்கே சுமார் 110 கிலோ மீட்டர் போனால் சலோ என்று ஒரு ஊர். ஜனங்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம். ஒரு ஆறு, ஒரு சந்தை, சுற்றிலும் வயல்காடு. பார்த்தால் சாதாரண ஊர்.

அங்கே 'சலோரா' என்று ஒரு கம்பெனி ரேடியோவும் டி.வி.யும் செய்துகொண்டிருந்தது. 1979-ல் அந்தக் கம்பெனியும் நோக்கியாவும் கைகோர்த்து 'மொபிரா' என்ற பெயரில் ரேடியோ டெலிபோன் தயாரிக்க இறங்கின.

1987-ல் மொபிரா ஒரு கைபோனை வெளியிட்டது. 'சிட்டிமேன்' என்று பெயர். எடை சுமார் 800 கிராம். முக்கால் கிலோ தக்காளியைக் காதில் வைத்துப் பேசுவதுபோல! 1989-ல் ஹெல்சிங்கி வந்த சோவியத் தலைவர் கோர்பசேவ், அந்தப் போனில் மாஸ்கோவுக்குப் பேசினார். படம் உலகெங்கும் வந்தது.

அதன் பிறகு சலோவுக்கு ராஜயோகம். நோக்கியா உலகத்தின் முதல் செல்போன் கம்பெனி ஆனது. சலோ ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். கணவன் ஒரு ஷிப்டு, மனைவி ஒரு ஷிப்டு என்று குடும்பம் குடும்பமாக வேலை. கம்பெனி கட்டிய வரியில் நகராட்சி கஜானா நிரம்பி வழிந்தது.

ஒரே கம்பெனியை நம்பிய ஊர். ஒரே மரத்தில் ஊரே ஊஞ்சல் கட்டியது!

மரம் சாய்ந்தது

2007-ல் ஐபோன் வந்தது. பின்னாலேயே ஆண்ட்ராய்டு வந்தது. பட்டன் போன் படுத்தது.

2012 பிப்ரவரியில் நோக்கியா முதல் குண்டைப் போட்டது. போன் ஒட்டும் வேலையை ஆசியாவுக்குக் கொண்டு போகிறோம், சலோவில் ஆயிரம் பேர் வேண்டாம் என்றது.

அதே ஆண்டு ஜூனில் இரண்டாவது குண்டு. சலோ ஆலையை மூடுகிறோம்! உலகம் முழுக்க 10 ஆயிரம் பேரைக் குறைக்கும் திட்டத்தில் சலோவும் ஒரு வரி.

ஆராய்ச்சிப் பிரிவு மட்டும் மிச்சம் இருந்தது. 'அது போதும், பிழைச்சுக்கலாம்' என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2015 ஜூலையில் மைக்ரோசாப்ட் அறிவித்தது, உலக அளவில் 7,800 பேர் குறைப்பு. அதில் பின்லாந்தில் மட்டும் 2,300 பேர் வரை. சலோ அலுவலகம் மூடல்!

மூன்றே வருஷத்தில் ஆலையும் போச்சு, ஆபீசும் போச்சு.

ஸ்க்ரூ முடுக்கிய அம்மாவும் அவுட். சாப்ட்வேர் எழுதிய என்ஜினீயரும் அவுட். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

சீட்டு கிழியும் முன்பே...

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

பின்லாந்தில் 2005-ல் ஒரு ஏற்பாடு வந்தது. 'மாற்றப் பாதுகாப்பு' என்று தமிழில் சொல்லலாம். அதன்படி ஒரு கம்பெனி 10 பேர் அல்லது அதற்கு மேல் ஆட்களைக் குறைக்கப் போகிறதா? முன்கூட்டியே வேலைவாய்ப்பு அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? பைல் பீரோவுக்குப் போகாது. அதிகாரிகள் கம்பெனிக்கு வருவார்கள்! யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன படிப்பு வேண்டும் என்று ஆள் ஆளாகக் கேட்டுத் திட்டம் போடுவார்கள்.

நோட்டீஸ் காலத்திலேயே, சம்பளத்தோடு லீவு உண்டு. எதற்கு? வேறு வேலை தேட! நோட்டீஸ் காலத்தைப் பொறுத்து 5 நாள் முதல் 20 நாள் வரை. 'நாளைக்கு எனக்கு இன்டர்வியூ, லீவு வேணும் சார்' என்று தலையைச் சொறிய வேண்டாம். அது சட்டப்படி உரிமை.

2017-ல் இன்னொரு படி ஏறினார்கள். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனி, 5 வருஷம் உழைத்தவரை வெளியே அனுப்பினால், குறைந்தது ஒரு மாதச் சம்பள அளவுக்கு அவருக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். ஆறு மாதத்துக்கு மருத்துவ வசதியும் தொடர வேண்டும்.

2023-ல் 55 வயது தாண்டியவர்களுக்கு என்று தனி ஏற்பாடு. 5 வருஷம் வேலை பார்த்தவராக இருந்தால் ஒரு மாதச் சம்பள அளவு பணம். இரண்டு மாதச் சம்பள மதிப்பு வரை பயிற்சி. வயசானவருக்குத்தான் வேலை கிடைப்பது கஷ்டம் என்பதை ஒத்துக்கொண்ட சட்டம் அது.

சோறு போட்டுப் படிக்க வைக்கிறார்கள்

சரி, 45 வயசில் ஒருவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

பின்லாந்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வேலை தேடுபவருக்கான தொழிற்பயிற்சி இலவசம். படிக்கும் நாட்களிலும் வேலையில்லாதோர் உதவித்தொகை உண்டு. பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் தனிப்படி!

உதவித்தொகை என்றால் பிச்சைக்காசு அல்ல. தொழிலாளர் சேர்ந்திருக்கும் வேலையின்மை நிதியில் இருந்து, வாங்கிய சம்பளத்தை ஒட்டி வருகிறது. மூன்று வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு அதிகபட்சம் 400 நாள்.

இதில் சமீபத்தில் கத்தரியும் போட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல், 40 நாள் ஆனதும் தொகை 80 சதவீதமாகக் குறையும். 170 நாள் ஆனால் 75 சதவீதம். 'சீக்கிரம் வேலைக்குப் போ' என்று முதுகில் தள்ளுகிற கை அது.

இன்னொரு நல்ல முறை. ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த வேலை தெரிந்த ஆள் இல்லை. என்ன செய்வார்கள்? கம்பெனியும் அரசாங்கமும் சேர்ந்து பயிற்சிக்குப் பணம் போடுகிறார்கள். கம்பெனி கேட்கிற மாதிரி பாடம். படித்து முடித்தால் அதே கம்பெனியில் வேலை!

முதலில் வேலை, அப்புறம் பாடம். இதுதான் சூத்திரம். நம் ஊரில் முதலில் சர்டிபிகேட், அப்புறம் வேலைக்குத் தேடல். வித்தியாசம் புரிகிறதா?

ஐரோப்பாவே பணம் அனுப்பியது

சலோவுக்கு ஐரோப்பிய யூனியனும் கை கொடுத்தது. உலகமயத்தால் வேலை இழப்பவர்களுக்கு என்று 2007 முதல் அவர்களிடம் ஒரு தனி நிதி இருக்கிறது. அதில் இருந்து சலோவில் வேலை போன ஆயிரம் பேருக்காகச் சுமார் 53 லட்சம் யூரோ ஒதுக்கினார்கள்.

அந்தப் பணத்தைச் சும்மா பங்கு போட முடியாது. பயிற்சி, ஆலோசனை, சொந்தத் தொழில் தொடங்க உதவி ஆகியவற்றுக்குத்தான் செலவழிக்கலாம்.

நோக்கியாவும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் 'பிரிட்ஜ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பிரிட்ஜ் என்றால் பாலம். பழைய வேலையில் இருந்து புது வேலைக்குப் பாலம். 13 நாடுகளில் 18 ஆயிரம் பேர் அந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள். சொந்தமாகக் கம்பெனி தொடங்க நினைத்தவருக்கு 25 ஆயிரம் யூரோ வரை கொடுத்தார்கள். சுமார் ஆயிரம் புதுக் கம்பெனிகள் முளைத்தன.

வெளியேறும் நாளில் 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது தெரிந்திருந்ததாம். பாக்கி 40 சதவீதம்? அவர்களுக்குத்தான் ஊரும் அரசாங்கமும் தேவைப்பட்டது.

மீட்டர் ஓட ஆரம்பித்தது!

இப்போது நகராட்சி கதைக்கு வருவோம்.

2024 கடைசி வரை பின்லாந்தில் வேலைவாய்ப்பு ஆபீஸ் மத்திய அரசின் கையில் இருந்தது. 2025 ஜனவரி 1-ந்தேதி அந்த வேலை முழுக்க நகராட்சிகளுக்குப் போனது! சின்ன ஊர்கள் சேர்ந்து ஒரு வட்டாரம் அமைத்துக்கொண்டன. நாடு முழுக்க 45 வேலைவாய்ப்பு வட்டாரங்கள்.

ஏன் மாற்றினார்கள்? ஊர்க்காரனுக்குத்தான் ஊர் தெரியும் என்ற கணக்கு. எந்தப் பட்டறைக்கு ஆள் வேண்டும், எந்தப் பள்ளியில் என்ன பாடம் இருக்கிறது, யார் வீட்டில் யாருக்கு வேலை இல்லை? தலைநகரில் உட்கார்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

ஆனால் வெறும் பொறுப்பை மட்டும் கொடுக்கவில்லை. கூடவே ஒரு மீட்டரையும் மாட்டிவிட்டார்கள். ஆட்டோ மீட்டர் மாதிரி!

ஒருவர் 100 நாளுக்கு மேல் உதவித்தொகை வாங்கினால், அதில் 10 சதவீதத்தை அவருடைய நகராட்சி கட்ட வேண்டும். 200 நாள் தாண்டினால் 20 சதவீதம். 300 தாண்டினால் 30. 400 தாண்டினால் 40. 700 நாளைத் தாண்டினால் பாதிப் பணம் நகராட்சி தலையில்!

சம்பளத்தை ஒட்டி வாங்குபவருக்கும் இந்தக் கணக்கு உண்டு. அவரது தொகையில் அடிப்படைப் பங்குக்கு மட்டும்.

முன்பு இந்த மீட்டர் 300 நாளுக்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். இப்போது 100 நாளிலேயே ஓடுகிறது.

இதன் தந்திரம் புரிகிறதா? வேலை இல்லாதவர் வீட்டில் சும்மா இருந்தால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை, நகராட்சிக்கும்தான். ஆகவே நகராட்சியே அவரைத் தேடி வரும். 'ஐயா, இந்தப் பயிற்சியில் சேருங்க, அந்தக் கம்பெனியைப் பாருங்க' என்று சொல்லும். கருணையால் அல்ல, கணக்கால்!

கருணை ஒரு நாள் களைத்துப் போகும். கணக்கு களைக்காது.

எல்லாம் சொர்க்கம் இல்லை

இவ்வளவு சொன்னதும், 'அடடா, பின்லாந்துக்கே போயிடலாம் போலிருக்கே' என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். மறுபக்கமும் இருக்கிறது.

சலோ முழுசாக மீளவில்லை. வேலையின்மை எகிறியது. வரி வருமானம் விழுந்தது. ஊரின் ஜனத்தொகை குறைந்தது. இளைஞர்கள் ஹெல்சிங்கிக்கும் டுர்க்குவுக்கும் போனார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், எல்லோரும் விற்கும் ஊரில் யார் வாங்குவது?

என்ஜினீயருக்கு எங்கேயாவது கதவு திறக்கும். 20 வருஷம் ஒரே பெல்ட்டில் நின்று போன் ஒட்டிய 50 வயது அம்மாவுக்கு? அதுதான் கஷ்டம். மறுபயிற்சி எந்த நாட்டிலும் வயசைக் குறைத்துக் கொடுக்காது.

இன்னொரு உண்மை. பயிற்சி வேலையை உண்டாக்காது. இருக்கிற வேலைக்கு ஆளைத் தயார் செய்யும், அவ்வளவுதான். 2025-ல் பின்லாந்தில் வேலையின்மை 10 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஐரோப்பாவிலேயே மோசமான இடங்களில் ஒன்று. நகராட்சிகள் பொறுப்பேற்ற வருஷமே மழைக்காலம்! மீட்டர் வேகமாக ஓட, நகராட்சிகள் கையைப் பிசைந்தன.

ஆனால் கைவிட்டுவிடவும் இல்லை. சலோவில் பழைய போன் கட்டிடம் பூட்டியே கிடக்கவில்லை. 'சலோ ஐ.ஓ.டி. கேம்பஸ்' என்று பெயர் மாற்றி, சிறுசிறு கம்பெனிகளுக்கும் பயிற்சிக்கும் வாடகைக்கு விட்டார்கள். 2019-ல் வால்மெட் என்ற கார் கம்பெனி அங்கே வண்டி பேட்டரி தயாரிப்பைத் தொடங்கியது. போன் ஒட்டிய கட்டிடத்தில் பேட்டரி ஒட்டும் வேலை! பக்கத்து டுர்க்கு நகரில் 2014-ல் கப்பல் கட்டும் தளத்தை ஜெர்மனியின் மேயர் கம்பெனி வாங்கியது. அங்கேயும் ஆள் எடுத்தார்கள்.

வேலை எந்தத் திசையில் நகர்ந்ததோ அந்தத் திசையில் பயிற்சியும் நகர்ந்தது. அதுதான் சாமர்த்தியம்.

இனி நம்ம ஊர்

இப்போது வண்டியைத் திருப்புவோம். பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர்!

2006-ல் இதே நோக்கியா இங்கே ஆலை திறந்தது. பிளஸ்-2 முடித்த பெண்களும் டிப்ளமோ படித்த பையன்களும் கம்பெனி பஸ்சில் வந்து இறங்கினார்கள். உச்சத்தில் 8 ஆயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். 2011-ல் 50 கோடியாவது போன் இங்கே தயாராகிவிட்டது என்று கொண்டாடினார்கள்.

பல வீட்டில் அதுதான் முதல் மாதச் சம்பளம். அக்கா சம்பளத்தில் தங்கச்சி காலேஜ் படித்தாள். அப்பா வாங்கிய வட்டிக் கடன் அடைந்தது. நகைச் சீட்டு கட்டினார்கள்.

2013-ல் வருமான வரிப் பிரச்சினை வந்தது. ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் மற்றதை எல்லாம் வாங்கியபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வாங்கப்படாமல் நின்றுபோனது. கொஞ்ச நாள் கூலிக்குப் போன் ஒட்டிக் கொடுத்தது. 2014 நவம்பர் 1-ந்தேதி அதுவும் நின்றது.

ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பேர்தான் விருப்ப ஓய்வு. 25 வயசில் யாருக்கு ஓய்வு விருப்பம்?

சலோவிலும் அதே கம்பெனி. ஸ்ரீபெரும்புதூரிலும் அதே கம்பெனி. அங்கே சீட்டு கிழிந்தவருக்குப் படிக்கும்போதும் பணம் வந்தது. இங்கே வந்தது ஒரு செக். அதன் பிறகு அவரவர் பாடு!

அந்த செக் என்ன ஆனது? ஆட்டோ வாங்கியவர் உண்டு. கல்யாணம் முடித்தவர் உண்டு. கடனை அடைத்தவர் உண்டு. கையில் இருந்த தொழில் மட்டும் போனது.

கதையில் ஒரு திருப்பம்

ஆலை சுமார் 5 வருஷம் பூட்டிக் கிடந்தது. 2019 நவம்பரில், அதைச் 'சால்காம்ப்' என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொள்கிறது என்று மத்திய மந்திரி அறிவித்தார். 2020-ல் கைமாறியது.

சால்காம்ப் எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? பின்லாந்து, சலோ!

ஆம். எந்த ஊரில் நோக்கியா மூடியதோ, அந்த ஊர்க் கம்பெனி வந்துதான் நோக்கியா மூடிய நம் ஆலையைத் திறந்தது. இடையில் அந்தக் கம்பெனி சீனாக்காரர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

ஆலை மறுபடி திறந்ததில் சந்தோஷம். ஆனால் 2014-ல் வெளியேறிய 28 வயசுப் பெண்ணுக்கு 2020-ல் 34 வயசு. வேலைக்கு எடுப்பதோ 18, 20 வயசுப் பிள்ளைகளை. நடுவில் போன அந்த ஆறு வருஷத்தில் அவர் கையைப் பிடித்து ஒரு பயிற்சி நிலையத்தில் உட்கார வைக்க எந்த ஆபீசும் இல்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடாது. என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, பழைய சட்டப்படியே ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று நஷ்டஈடு உண்டு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது.

இரண்டாவது, அந்தப் புதுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம். 'மறுதிறன் நிதி' என்று ஒன்று. ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும். அந்தப் பணம் 45 நாளுக்குள் தொழிலாளி கணக்குக்கு வர வேண்டும்.

நல்ல விஷயம்தான். ஆனால் 15 நாள் சம்பளத்தில் என்ன தொழில் கற்க முடியும்? அதைவிட முக்கியம், இது 'தொழிலாளி'க்கு மட்டும். நிர்வாக வேலை பார்ப்பவர் தொழிலாளி இல்லை. மேற்பார்வை வேலையில் 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் இல்லை.

கம்ப்யூட்டர் கம்பெனியில் பாதிப் பேருக்கு 'மேனேஜர்', 'லீட்' என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிறார்களே! விசிட்டிங் கார்டில் போட நன்றாக இருக்கும். வேலை போகிற அன்றுதான் அந்தப் பட்டத்தின் விலை தெரியும். பட்டம் என்ன சொன்னாலும், செய்த வேலை என்ன என்பதுதான் சட்டத்தின் கேள்வி. மேனேஜர் என்ற பேரைப் பார்த்துப் பயந்து உரிமையை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. 2018-ல் ஒரு திட்டம் வந்தது. வேலை போன உறுப்பினருக்குச் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம், 90 நாள் வரை. 2020-ல் அதை 50 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் 2017 முதல் ஈ.எஸ்.ஐ. வரம்பு 21 ஆயிரம் ரூபாய் சம்பளம். சாப்ட்வேர்காரர் பலர் இந்த வேலிக்கு வெளியே!

நான்காவது, வேலைவாய்ப்பு ஆபீஸ். பதிந்து 5 வருஷம் காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் என்பது பல ஆண்டுகளாக இருக்கும் விதி. பிளஸ்-2 என்றால் 400. அது முதல் வேலைக்குக் காத்திருப்பவனுக்கு. இருந்த வேலை போனவனுக்கு இல்லை.

ஐந்தாவது, பயிற்சி. தமிழ்நாட்டில் திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. 2022 மார்ச் 1-ல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது கதவு திறந்தது. ஆனால் அது வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கான கதவு. உள்ளே போய் 20 வருஷம் இருந்து வெளியே தள்ளப்பட்டவருக்கு வேறு கதவு வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. சபாஷ்! ஆண்களுக்கு 40. அப்படியானால் 41 வயசு ஆண்?

மாநகராட்சி என்ன செய்யும்?

நகராட்சிகள் என்னென்ன செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் ஒரு பட்டியல் போட்டது. 1993-ல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 18 வேலைகள். ரோடு உண்டு, தண்ணீர் உண்டு, சுடுகாடு உண்டு. நகர வறுமை ஒழிப்பும் உண்டு.

வேலை போனவருக்கு மறுபயிற்சி? தேடினாலும் கிடைக்காது.

வறுமையை ஒழிப்பது நகராட்சி வேலை என்றால், வறுமை வரும் முன்பே தடுப்பதும் அதே வேலைதானே? இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. கொசு மருந்து அடிப்பதும் இதே கணக்குத்தான். காய்ச்சல் வந்த பிறகு ஆஸ்பத்திரி கட்டுவதை விட, வரும் முன் மருந்து அடிப்பது மலிவு.

பின்லாந்து மாதிரி பணம் நம்மிடம் இல்லை. ஒப்புக்கொள்கிறோம். அந்த நாட்டு வரியும் நம்மால் கட்ட முடியாது. ஆனால் பணம் அதிகம் கேட்காத மூன்று காரியங்களை அங்கிருந்து எடுக்கலாம்.

ஒன்று: ஆட்குறைப்பு நோட்டீசின் ஒரு நகல் உள்ளூர் வேலைவாய்ப்பு ஆபீசுக்கு அன்றே போகட்டும். இங்கே 300 பேருக்குக் குறையாத ஆலையும் சுரங்கமும் தோட்டமும்தான் அரசாங்க அனுமதி கேட்க வேண்டும். கண்ணாடிக் கட்டிட ஆபீசுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அனுமதி வேண்டாம், போகட்டும். தகவலாவது வரட்டுமே! ஐந்நூறு பேர் தெருவுக்கு வரும் சேதி, அரசாங்கத்துக்குப் பேப்பர் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா?

இரண்டு: முதல் வேலை தேடுபவர் வரிசை வேறு, வேலை இழந்தவர் வரிசை வேறு என்று இரண்டு கவுண்டர் வையுங்கள். 22 வயசுக்குச் சொல்லும் புத்தியை 45 வயசுக்குச் சொன்னால் எடுபடாது. பின்லாந்தில் 2022-ல் கொண்டு வந்த முறையில், பதிவு செய்தவரை 5 வேலை நாளுக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். நாம் 50 நாளுக்குள் கூப்பிட்டால்கூடப் புண்ணியம்.

மூன்று: வேலை இருக்கிற இடத்தைப் பார்த்துப் பாடம் வையுங்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எந்த ஆலைக்கு எந்த வேலைக்கு ஆள் குறைகிறது என்று கேட்டு, அதற்கு மட்டும் பயிற்சி. செலவில் பாதியை ஆலையே கொடுக்கட்டும். ஆள் அவர்களுக்குத்தானே?

நூறு நாள் கணக்கு

வேலை போனவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் வீட்டில் சொல்லவே மாட்டார். காலையில் வழக்கம்போல் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பி, பார்க்கிலோ பீச்சிலோ உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீடு திரும்புவார். இரண்டாவது மாதம் பழைய சிநேகிதர்களுக்குப் போன் போடுவார். 'பயோடேட்டா அனுப்பு, பார்க்கலாம்' என்பார்கள். மூன்றாவது மாதம் அடகுக்கடை.

அதோடு 100 நாள் ஓடிவிடும்!

அந்த 100-வது நாளில்தான் பின்லாந்து நகராட்சிக்கு மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. அதுவரை ஆளை விட்டுவிட்டால் அப்புறம் தூக்கி நிறுத்துவது கஷ்டம் என்று அந்த ஊர் கணக்குப் போட்டிருக்கிறது.

நம் ஊரிலும் மீட்டர் ஓடாமல் இல்லை. ஓடுகிறது. அந்த வீட்டு அம்மாவின் தாலிச் செயினில் ஓடுகிறது. பையனின் காலேஜ் பீசில் ஓடுகிறது. மாத மளிகைக் கணக்கு நிற்கிற மூலைக் கடைக்காரரின் நோட்டில் ஓடுகிறது. வாடகைக்கு விட்டவரின் பாக்கியில் ஓடுகிறது.

ஆக, பில் யாருக்கோ வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பில்லில் ஒரு சின்னப் பங்கு ஆபீசர் மேஜைக்கும் போனால், பைல் தானாக நகரும்!

இன்று மாலை பஸ்சில் பக்கத்து சீட்டில் ஒருவர் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தால், கழுத்தில் அட்டை இல்லாவிட்டால், 'என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நோட்டீசையும், சம்பளச் சீட்டையும், வேலையில் சேர்ந்த நாளின் கடிதத்தையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் நாலு பேரைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டில் இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள்.

சலோவில் அந்த முதல் வார்த்தையைக் கேட்க ஒரு ஆபீசர் வந்தார். இங்கே அந்த ஆபீசர் வரும் வரை, பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால்தான் உண்டு!